வாடகை வீட்டு அட்வான்ஸ்: சாவி கையில் இருக்கும்போதே முடிக்க வேண்டிய கணக்கு

"நீங்க காலி பண்ணுங்க சார், வேற ஆள் வந்ததும் அட்வான்ஸ் கொடுத்துடறேன்."

தமிழ்நாட்டில் எத்தனையோ அட்வான்ஸ் தகராறுகள் இந்த ஒரு வாக்கியத்தில்தான் தொடங்குகின்றன. சொல்கிறவர் கெட்டவராக இருக்க வேண்டும் என்பதில்லை. அந்தப் பணத்தை யாரும் பீரோவில் தனியாக வைத்திருப்பதில்லை. மாடி கட்டியதிலோ பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்திலோ அது எப்போதோ போயிருக்கும். புதிதாக வருகிறவர் தரும் அட்வான்ஸை வாங்கிப் பழையவருக்குக் கொடுப்பதுதான் ஊர் வழக்கம். ஆனால் டூலெட் போர்டு மூன்று மாதம் தொங்கினால் அந்த மூன்று மாதமும் உங்கள் பணம் எங்கே நிற்கும்? புது வீட்டுக்கும் நீங்கள் அட்வான்ஸ் கட்டியாக வேண்டும். அதற்காக வட்டிக்கு வாங்குகிற குடும்பங்கள் உண்டு. அடுத்த ஆள் வருவது வீட்டுக்காரரின் தொழில் ரிஸ்க். அதைக் குடித்தனக்காரர் தலையில் இறக்கி வைக்க நியாயமும் இல்லை, சட்டமும் இல்லை.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, வீட்டு உரிமையாளர்கள், வாடகைதாரர்களின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 11-ஆம் பிரிவு இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. ஒன்று, அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது. இரண்டு, காலி செய்த ஒரு மாதத்துக்குள், குடித்தனக்காரர் தர வேண்டியதைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. மூன்று மாத உச்சவரம்புக்கு முன்னால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இல்லாதவரை என்ற விலக்கு சேர்க்கப்பட்டிருக்கிறது. எனவே ஐந்து மாதமோ பத்து மாதமோ அட்வான்ஸ் என்று இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தால், அதை மட்டும் பிடித்துக்கொண்டு சண்டை போடுவதில் பயன் குறைவு. ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்ற வரிக்கு அந்த விலக்கு இல்லை. நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது இந்த இரண்டாவது வரியை.

இன்னொன்று. வாட்ஸ்அப்பில் சுற்றும் "இரண்டு மாத அட்வான்ஸ்தான் சட்டம்" என்ற செய்தி, 2021-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த மாதிரி வாடகைச் சட்டத்திலிருந்து வருவது. மாநிலங்கள் பார்த்துப் பின்பற்றுவதற்கான மாதிரி அது. இங்கே வீட்டுக்காரரிடம் அதைக் காட்டினால், விவரம் தெரிந்த வக்கீல் ஒரே வரியில் தள்ளிவிடுவார். பிறகு நீங்கள் சொல்லும் சரியான வாதத்துக்கும் மரியாதை போய்விடும்.

முதலில் நோட்டீஸ். 11 மாத ஒப்பந்தங்களில் பெரும்பாலும் ஒரு மாதமோ இரண்டு மாதமோ முன்னறிவிப்பு என்று இருக்கும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையை 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி பதிவு செய்தாக வேண்டும் என்பதால்தான் இந்த 11 மாதப் பழக்கமே வந்தது. அதை விடுங்கள், தேதிக்கு வருவோம். வாடகை மாதம் ஒன்றாம் தேதி தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 3-ஆம் தேதி நோட்டீஸ் கொடுத்தால், அடுத்த ஒன்றிலிருந்துதான் ஒரு மாதம் என்று வீட்டுக்காரர் எண்ணுவார். இரண்டு நாள் தாமதத்தில் ஒரு மாத வாடகை போய்விடும். ஒன்றாம் தேதிக்கு முன்பே அனுப்பிவிடுங்கள். வாயால் சொன்னது போதாது. நேரில் சொல்லுங்கள், அது மரியாதை. அன்று மாலையே அதை எழுத்திலும் அனுப்புங்கள். வாட்ஸ்அப் போதும், மெயிலும் சேர்ந்தால் இன்னும் நல்லது. நீளமாக எழுத வேண்டியதில்லை:

"ஐயா, காலையில் நேரில் சொன்னபடி, நாங்கள் 31-ஆம் தேதி வீட்டைக் காலி செய்கிறோம். அன்று வீட்டைப் பார்த்து, பிடித்தம் ஏதும் இருந்தால் கணக்குப் போட்டு, அட்வான்ஸ் ரூ.75,000-இல் மீதியைத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். 20-ஆம் தேதிக்குப் பிறகு உங்களுக்கு வசதியான ஒரு நாளில் முன்கூட்டியே வந்து பார்த்தால், சரிசெய்ய வேண்டியதை நாங்களே செய்துவிடுகிறோம்."

இந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். முன்கூட்டியே பார்க்க அழைத்தால், எதையெல்லாம் பிடிக்கப்போகிறார் என்பது பத்து நாள் முன்னாலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும். உடைந்த ஜன்னல் கண்ணாடியை நீங்கள் ஆள் வைத்து மாற்றினால் ஆகும் செலவும், காலி செய்த பிறகு அவர் "மூவாயிரம் ஆச்சு" என்று சொல்வதும் ஒன்றல்ல.

கடைசி மாதங்களின் வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். அவர் எழுத்தில் சம்மதித்தால் அதைவிட நல்ல வழி கிடையாது. ஐந்து மாத அட்வான்ஸில் மூன்று மாதத்தைக் கழித்துவிட்டால், இரண்டு மாதத் தொகைக்குத்தான் பேச வேண்டியிருக்கும். சம்மதம் இல்லாமல் நீங்களாக வாடகையை நிறுத்துவது வேறு கதை. இரண்டு மாத வாடகைப் பாக்கி, வெளியேற்றக் கோருவதற்கான காரணங்களில் ஒன்று. அதுவரை உங்கள் பக்கம் இருந்த நியாயத்தை நீங்களே அவர் கையில் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

இப்போது பிடித்தங்கள். பணம் கரைவது இங்கேதான்.

2017 சட்டத்தின் இரண்டாவது அட்டவணை யார் எதைப் பராமரிக்க வேண்டும் என்று பிரித்திருக்கிறது. கட்டடப் பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், குழாய்களை மாற்றுவது, வயரிங் ஆகியவை வீட்டுக்காரர் பக்கம். குழாய்த் திருகு, வாஷர், சுவிட்ச், பிளக், வாஷ்பேசின், கழிப்பறைச் சில்லறைப் பழுது, ஹீட்டர் ரிப்பேர், கதவுப் பூட்டு, கைப்பிடி, கொசுவலை, ஜன்னல் கண்ணாடி, சாக்கடை அடைப்பு ஆகியவை குடித்தனக்காரர் பக்கம். ஆக, சொட்டுகிற குழாய்க்குப் பிடித்தால் சண்டை போடாதீர்கள். போகும் முன் நீங்களே வாஷர் மாற்றிவிடுங்கள். மழையில் ஓதம் ஏறிச் சுவர் உப்பு பூத்து உதிர்ந்தால் அது உங்கள் கணக்கு அல்ல. ஓதம் தரையிலிருந்தும் வெளிச்சுவரிலிருந்தும் வருவது. நீங்கள் குடியிருந்ததால் வந்தது இல்லை.

பெயிண்டிங்தான் பெரிய சண்டை. "காலி செய்யும்போது பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை" என்ற வரி பல ஒப்பந்தங்களில் அச்சடித்தே வருகிறது. அட்டவணையைக் காட்டி வாதாட இடம் உண்டு. ஆனாலும் கையெழுத்துப் போட்ட வரி என்பதால் பேச்சுவார்த்தையில் அது கனமாக இருக்கும். அந்த வரி இல்லாத ஒப்பந்தத்தில் கேட்டால் தாராளமாக மறுக்கலாம். சுவரில் ஓரிடத்தை மட்டும் பாழாக்கியவர்கள் அளவை வைத்துப் பேச வேண்டும். 10-க்கு 12 அடி அறை, பத்தடி உயரம். நான்கு சுவரும் சேர்ந்து 440 சதுர அடி. கதவு 21, ஜன்னல் 16 போனால் ஏறக்குறைய 400. அதில் குழந்தை கிறுக்கியது ஒரே சுவரில், 12-க்கு 10, அதாவது 120 சதுர அடி. ஒரு லிட்டர் எமல்ஷன், சுவரைப் பொறுத்து இரண்டு கோட்டுக்கு 100 முதல் 140 சதுர அடி வரை வரும். ஆக அந்தக் கிறுக்கலின் விலை ஒரு லிட்டர் பெயிண்டும் ஒரு ஆளின் ஒரு நாள் கூலியும். மொத்த வீட்டுக்குமான கொட்டேஷனை நீட்டினால் இந்தக் கணக்கைப் பொறுமையாகப் போட்டுக் காட்டுங்கள். குரலை உயர்த்துவதைவிட இது பலிக்கும். பெயிண்ட் அடித்து ஐந்து வருடம் ஆகிவிட்டதென்றால், யார் குடியிருந்தாலும் அடுத்து அடித்தே ஆக வேண்டிய சுவர் அது என்பதையும் சொல்லுங்கள்.

அவசரத்தில் செய்யக்கூடாத ஒன்று: ஆணி ஓட்டையைப் புட்டி வைத்து அடைத்துவிட்டு, மேலே கையில் கிடைத்த வெள்ளை பெயிண்டைத் தடவுவது. நிறம் மங்கிய சுவரில் புது வெள்ளை பிளாஸ்திரி ஒட்டியது போலத் தெரியும். ஓட்டையாக இருந்தபோது கண்ணில் படாதது, இப்போது வாசலிலிருந்தே தெரியும். புட்டி வைத்துத் தேய்த்துச் சமன் செய்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குளியலறை டைல்ஸில் உப்புத் தண்ணீர் கறைக்கு ஆசிட் ஊற்றுவதும் அப்படித்தான். கறை போகும். கூடவே டைல்ஸ் இடுக்கிலுள்ள சிமென்ட் அரித்துவிடும், குழாயின் பளபளப்பும் போய்விடும். எலுமிச்சை உப்பைத் தண்ணீரில் கரைத்து ஊறவைத்துத் தேய்ப்பது மெதுவான வேலை, ஆனால் புதிதாக ஒரு பிடித்தத்தைக் கொண்டுவராது.

அடுத்தது கரண்ட் பில். இங்கே இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் ரீடிங் எடுக்கிறார்கள். நீங்கள் நடுவில் காலி செய்தால் பில் வந்திருக்காது. "இ.பி. பில்லுக்கு மூவாயிரம் நிறுத்தி வைக்கிறேன், வந்ததும் பார்த்துக்கலாம்" என்பார். அந்தப் பார்த்துக்கலாம் பெரும்பாலும் வராது. கடைசி பில்லில் ரீடிங் 4,820, சாவி கொடுக்கும் நாளில் மீட்டரில் 5,010 என்றால் நீங்கள் எரித்தது 190 யூனிட். அதற்கு அன்றைய கட்டண விகிதப்படி கணக்குப் போட்டு அங்கேயே கழித்துவிடச் சொல்லுங்கள். பில் வரும்வரை காத்திருக்கலாம் என்று இருவரும் ஒப்புக்கொண்டால், பங்கு பிரிக்கும் முறையை எழுதி வையுங்கள். பில் வரும்போது ரீடிங் 5,140 என்றால் மொத்தம் 320 யூனிட். பில் தொகையில் 320-இல் 190 பங்கு உங்களுடையது, நூற்றுக்கு ஏறத்தாழ 59. யூனிட் கூடக் கூட விகிதம் ஏறும் என்பதால், புதிதாக வந்தவர் ஏசி ஓட்டி எரித்ததற்கும் சேர்த்து உங்கள் தலையில் உயர்ந்த விகிதம் விழலாம். அன்றே முடித்துக்கொள்வதுதான் நல்லது. மின் இணைப்பு எண் உங்களிடம் இருந்தால் பாக்கி எதுவும் இல்லை என்பதை இணையத்திலேயே பார்த்துப் படம் எடுத்து வைக்கலாம். அடுக்குமாடி என்றால் சங்கத்தில் பராமரிப்புக் கட்டணப் பாக்கி இல்லை என்று ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சாமான் ஏற்றிய பிறகு, வீட்டைப் பெருக்கித் துடைத்துவிட்டு வீடியோ எடுங்கள். வாசற்கதவில் தொடங்கி நிறுத்தாமல் ஒவ்வொரு அறையாகப் போக வேண்டும். ஒவ்வொரு அறையிலும் நான்கு மூலை, மேற்கூரை, தரை. ஃபேனையும் லைட்டையும் போட்டுக் காட்டுங்கள். எல்லாக் குழாயையும் திறந்து மூடுங்கள், ஃப்ளஷை ஒருமுறை அழுத்துங்கள். மீட்டர் எண் தெளிவாகப் படிக்கத் தெரிய வேண்டும். ஏற்கெனவே இருந்த விரிசலைத் தூரத்திலிருந்து ஒன்று, பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து இன்னொன்று என இரண்டு படம். குடிவந்த நாளில் எடுத்த படங்கள் இருந்தால் அதே கோணத்திலேயே எடுங்கள். எடுத்ததை வாட்ஸ்அப்பில் மட்டும் வைத்திருக்காதீர்கள். அதில் அனுப்பினால் படம் சுருங்கும், எடுத்த தேதி நேர விவரமும் அழிந்துவிடும். மூலக் கோப்பை மெயிலிலோ டிரைவிலோ ஏற்றி வையுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியமின் 63-ஆம் பிரிவுப்படி, மின்னணுப் பதிவை ஆதாரமாக வைக்கச் சான்றிதழ் தர வேண்டும். எந்த ஃபோனில் எடுத்தது, எங்கே வைத்திருந்தது என்பதை உங்களால் சொல்ல முடிய வேண்டும் என்பதற்காகத்தான் இந்த எச்சரிக்கை. அந்த ஃபோனை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடாதீர்கள்.

சாவி கொடுக்கும்போது ஒரு தாள் வேண்டும். வெள்ளைத் தாள் போதும். அதில் அட்வான்ஸ் ரூ.75,000. கழிவு: கரண்ட் 190 யூனிட்டுக்கு ரூ.950, பராமரிப்பு ரூ.1,500, ஜன்னல் கண்ணாடி ஒன்று ரூ.800. மொத்தம் ரூ.3,250. தர வேண்டிய மீதி ரூ.71,750. தரும் தேதி. ஒப்படைத்த சாவிகள் எத்தனை. மீட்டர் ரீடிங். இருவர் கையெழுத்து. தொகைகள் உதாரணத்துக்குச் சொன்னவை, வரிகள் அப்படியே இருக்கட்டும். "சுத்தம் செய்ய, மற்றவை: 5,000" என்ற மாதிரி வரி மட்டும் கூடாது. ஒவ்வொரு கழிவுக்கும் பொருள், காரணம், தொகை மூன்றும் வேண்டும். அவர் கையெழுத்துப் போடத் தயங்கினால் தாளைப் படம் எடுத்து, "இன்று நாம் பேசிய கணக்கு இது, தவறிருந்தால் சொல்லுங்கள்" என்று அவருக்கு அனுப்பிவிடுங்கள். மறுப்பு வராத அந்தச் செய்திக்கும் மதிப்பு உண்டு.

பணம் வராமல் சாவி கொடுக்காமல் இருக்கலாமா? ஒப்பந்தம் முடியும் தேதிவரை சாவி உங்களுடையது, அதுவரை கேளுங்கள். அந்தத் தேதியைத் தாண்டி வைத்துக்கொண்டால், வீட்டைக் காலி செய்யவே இல்லை என்று ஆகி வாடகை ஓடும். தேதி தாண்டிய குடியிருப்புக்கு இரட்டிப்பு வாடகை கேட்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. அன்று பணம் இல்லை என்று அவர் உண்மையாகவே சொன்னால், தேதி போட்ட காசோலை கேளுங்கள். காசோலை மூன்று மாதம் செல்லும். பணமில்லாமல் திரும்பினால், அதைக் குற்றமாக்கும் 1881-ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டம் 138-ஆம் பிரிவு கைக்கு வரும். வங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ், நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து அவருக்கு 15 நாள் அவகாசம், அதற்குப் பின் ஒரு மாதத்துக்குள் புகார். இந்த நாட்களில் ஒன்றைத் தவறவிட்டாலும் அந்த வழி பலவீனமாகும். வாய்மொழி வாக்குறுதியைவிடக் காசோலைக்கு எவ்வளவு பலம் என்பது வீட்டுக்காரருக்கும் தெரியும். அதனால் அதைத் தருகிறவர் பெரும்பாலும் பணத்தையும் தந்துவிடுவார்.

ஒரு மாதம் ஆயிற்று, பணம் வரவில்லை. ஃபோன் செய்து செய்து ஓய்ந்து போகாதீர்கள். முதலில் நீங்களே ஒரு கடிதம் எழுதுங்கள். ஒப்பந்தத் தேதி, அட்வான்ஸ் கொடுத்த தேதியும் விதமும், காலி செய்த தேதி, ஒப்புக்கொண்ட கழிவு, மீதி, 11-ஆம் பிரிவு, 15 நாள் கெடு, உங்கள் வங்கிக் கணக்கு விவரம். தராவிட்டால் கடிதத் தேதியிலிருந்து வட்டியும் கோருவேன் என்ற வரி அவசியம். 1978-ஆம் ஆண்டின் வட்டிச் சட்டம், வட்டி கேட்பதாக எழுத்தில் அறிவித்த நாளிலிருந்து வட்டி வழங்க நீதிமன்றத்துக்கு இடம் தருகிறது. 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபால் ஸ்பீட் போஸ்டோடு இணைந்துவிட்டது. ஆகவே ஸ்பீட் போஸ்டில், ஒப்படைத்த அத்தாட்சியும் வேண்டும் என்று கேட்டு அனுப்புங்கள். வாங்க மறுத்துத் திரும்பி வந்த உறையைக் கிழிக்காமல் அப்படியே வையுங்கள். அதுவும் சாட்சிதான்.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகலாமா என்றால், பெரும்பாலும் இது சிவில் விவகாரம் என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். மிரட்டல், சாமானைப் பிடித்து வைத்தல், பூட்டுப் போடுதல் என்று ஏதாவது நடந்திருந்தால் மட்டும் போங்கள்.

கடிதத்துக்கும் அசையாதவருக்கு வக்கீல் நோட்டீஸ். அதற்குப் பின் நேரே வழக்குக்குப் போகும் முன், நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில், அல்லது தாலுகா அளவில் வட்ட சட்டப்பணிகள் குழுவில் மனுக் கொடுங்கள். வழக்குக்கு முந்தைய சமரசம் என்று கேட்டால் போதும், கட்டணம் இல்லை. அவர்கள் எதிர்த்தரப்பை அழைப்பார்கள். வர மறுத்தால் கட்டாயப்படுத்த மாட்டார்கள், அதுதான் இந்த வழியின் குறை. வந்து சமரசம் ஆகி மக்கள் நீதிமன்றத்தில் தீர்வாகப் பதிவானால், 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி அது சிவில் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. எழுபதாயிரம் எண்பதாயிரம் ரூபாய்க்கு வருடக்கணக்கில் வாய்தாவுக்கு அலைவதைவிட, ஐயாயிரத்தை விட்டுக்கொடுத்து இங்கேயே முடிப்பது மேல் என்பது என் எண்ணம்.

அதுவும் ஆகாவிட்டால் வழக்கு. ஒப்பந்தம் 2017 சட்டப்படி அமைந்த வாடகை அதிகாரியிடம் பதிவானதா இல்லையா என்பதைப் பொறுத்து எந்த மன்றம் என்று வக்கீல் முடிவு செய்வார். சிவில் வழக்கானால் தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டணம் கேட்கும் தொகையில் 3 சதவீதம். ரூ.71,750-க்குச் சுமார் ரூ.2,150. எழுத்து ஒப்பந்தத்தில் தொகை தெளிவாக இருந்தால் சுருக்க விசாரணை வழக்காக, சிவில் நடைமுறைச் சட்டத்தின் 37-ஆம் கட்டளையின் கீழ் போட முடியுமா என்று கேளுங்கள். பணக் கோரிக்கைக்குக் காலவரம்பு பொதுவாக மூன்று ஆண்டு. "தர்றேன் தர்றேன்" என்ற பேச்சில் அது கரைந்து போகாமல், காலி செய்த தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். இடையில் வீடு விற்கப்படுகிறது என்று கேள்விப்பட்டால் தாமதிக்காமல், அட்வான்ஸை யார் தருவது என்று பழைய உரிமையாளர், புது உரிமையாளர் இருவரிடமும் எழுதி வாங்குங்கள்.

பணம் தவணையாக வந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் பாதிப் பணத்தைக் கையில் கொடுத்துவிட்டு, கணக்கு முடிந்தது என்று எழுதிய தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். அதில் உங்கள் கையாலேயே "அட்வான்ஸ் மீதி ரூ.71,750-இல் பகுதித் தொகை ரூ.30,000 பெற்றுக்கொண்டேன், பாக்கி ரூ.41,750" என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பாக்கி முழுதும் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகு, முழுத் தொகையும் வந்தது என்று எழுதிக் கொடுத்து அசல் ஒப்பந்தத்தைத் திருப்பிக் கொடுங்கள்.